தொண்டுக்கட்டையைக் கேட்டு வந்தார்கள், அய்யா

என் பிரியத்துக்கும், இந்த ஒரு வாரமாக என் கோபத்துக்கும் உரிய அய்யாவுக்கு,

நல்லா இருக்கீங்களா என்று கேட்கத்தான் கை வருகிறது. செத்துப்போன மனுசனிடம் அதைக் கேட்கிறவன் உங்கள் மூத்த மகனாகத்தான் இருக்க முடியும் என்று நீங்களே சொல்லுவீர்கள். இங்கே எல்லோரும் சுகம். மழைதான் இரண்டாவது வருசமாக ஏமாற்றிவிட்டது. கரிசல் வெடித்துக் கிடக்கிறது, பருத்தி முழங்காலுக்கு மேல் வளர மாட்டேன் என்று நிற்கிறது.

அடுத்த மாதம் உங்கள் இரண்டாவது நினைவு நாள். அருப்புக்கோட்டை அச்சாபீசில் நோட்டீஸ் அடித்து ஊர் ஊராக ஒட்ட வேண்டும் என்று சித்தப்பா ஒற்றைக்காலில் நிற்கிறார். போன வெள்ளிக்கிழமை நம் வீட்டுக்கு வந்தார். "நாலு வரி எழுதுடா. நம்ம வகையறாவுல நீதான ஒம்பதாப்பு வரைக்கும் போனவன்" என்றார். ஒன்பதாம் வகுப்புக்குள் நான் இரண்டு தடவை போனதும், இரண்டு தடவையும் அந்தப் பக்கமாக வெளியே வராததும் அவருக்குத் தெரியும். மரியாதைக்காக விட்டுவிட்டார்.

மூன்று வரி எழுதிவிட்டேன். நாலாவது வரியை அவரே சொன்னார். "பிள்ளைகளைக் கண்டித்து வளர்த்து ஆளாக்கிய பெருந்தகையே, அப்படின்னு போடு." அந்த இடத்தில் பேனா நின்றது. மை தீர்ந்துவிட்டதோ என்று உதறிப் பார்த்தேன். மை இருந்தது.

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் வந்த அடுத்த காரியத்தைச் சொன்னார்.

"ஏண்டா, அந்தத் தொண்டுக்கட்டை தொழுவுலதான கெடக்கு? எடுத்துக் குடு."

"எந்த மாட்டுக்குச் சித்தப்பா?"

"மாட்டுக்கு இல்லடா, பேரன் மாடசாமிக்கு. ஒரு எடத்துல இருக்க மாட்டேங்குறான். நேத்து மொட்டக் கெணத்து விளிம்புல நின்னு எட்டிப் பாக்குறான். ரெண்டு மாசம் கால்ல போட்டு வச்சா அடங்கிருவான். நீ அடங்கலையா?"

நீ அடங்கலையா. இந்த ஒரு கேள்விக்குத்தான் அய்யா இந்தக் கடிதம். நோட்டீஸுக்கு நாலு வரி கேட்டார்கள், நான் நாற்பது வரிக்கு மேல் போவேன் போலிருக்கிறது. அச்சாபீஸ்காரர் என்னை அடிக்க வருவார்.

அந்தக் கட்டையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஓடுகிற மாட்டின் கழுத்தில், அது எட்டு வைக்கும்போதெல்லாம் முழங்காலில் இடிக்கிற மாதிரி தொங்கவிடுகிற கட்டை. கருவேல மரத்து வைரம், ஒரு முழ நீளம், முனையில் இரும்பு வளையம், வளையத்தில் ஒரு சாண் சங்கிலி. ஊரில் மற்ற வீடுகளில் அது மாட்டோடு நின்றுவிட்டது. நம் வீட்டில்தான் மாட்டுக் கழுத்திலிருந்து பிள்ளை காலுக்கு இறங்கியது. எனக்கு எட்டு வயது. ஆடி மாதம் கட்டினீர்கள், தை அறுப்புக்கு ஆள் தேவைப்பட்டபோது அவிழ்த்தீர்கள்.

நான் செய்த குற்றங்களை நீங்களே ஊர் கூட்டி வரிசையாகச் சொல்லுவீர்கள். உப்பு வாங்க அனுப்பினால் உப்பைத் தவிர எல்லாச் சேதியும் கொண்டு வருவேன். ஆட்டைப் பத்திக்கொண்டு போவேன், ஆடு மட்டும் தானாக வீடு திரும்பும். வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் நான் சன்னல் வழியாக வெளியே நிற்பேன். எல்லாம் உண்மைதான், ஒன்றையும் மறுக்கவில்லை.

ஆனால் வேண்டுமென்று செய்தேன் என்றா நினைத்தீர்கள்? கால் போன பிறகுதான் அய்யா எனக்கே தெரியும், நான் போயிருக்கிறேன் என்று. நீங்கள் சொன்ன சொல் காதில் விழும், விழுந்த இடத்தில் நிற்காது. ஒரே ஒரு தடவை, "ஏண்டா ஓடுற?" என்று கேட்டீர்களா? கேட்டிருந்தாலும் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. ஆனாலும் கேட்டிருக்கலாம் இல்லையா?

பள்ளிக்கூடத்துக்கு அந்தக் கட்டையை இழுத்துக்கொண்டுதான் போனேன். "பெரிய வீட்டு மாடு வருதுடோய்" என்று பயல்கள் சத்தம் போடுவார்கள். நானும் 'அம்மா' என்று மாடு மாதிரியே கத்திக் காட்டுவேன். சிரிப்பார்கள். அழுவதைவிட அது லேசாக இருந்தது. இன்றைக்கு வரைக்கும் எல்லோரையும் சிரிக்க வைக்கிற மனுசன் என்று எனக்குப் பெயர் இருக்கிறதே, அந்தத் தொழிலை அங்கேதான் படித்தேன்.

அடங்கினேனா? ஆமாம், உடம்பு அடங்கியது. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே காணாமல் போகப் பழகினேன். வாத்தியார் முன்னால் கல்லு மாதிரி உட்கார்ந்திருப்பேன், மனசு திருச்சுழி தாண்டிப் போயிருக்கும். அதைப் பார்த்துவிட்டு, "கட்டையப் போட்டேன், பய தங்கமாயிட்டான்" என்று மல்லாங்கிணறு சந்தை வரைக்கும் சொல்லி வைத்தீர்கள். தங்கம் ஒன்பதாம் வகுப்பில் கறுத்துப்போனதை யாரிடமும் சொல்லவில்லை. இன்றைக்குப் பருத்தித் தரகனாக ஊர் ஊராகச் சைக்கிள் மிதிக்கிறேன் என்றால், உட்கார முடியாதவனுக்கு என்றே இருக்கிற தொழில் இது ஒன்றுதான். அதிலும் சைக்கிளை ஒரு ஊரில் நிறுத்திவிட்டு மறந்துபோய் பஸ்ஸில் வீட்டுக்கு வந்த தரகன், இந்த வட்டாரத்தில் நான் ஒருத்தன்தான் இருப்பேன்.

சரி, என் கதை போகட்டும். என் மகள் கதைக்கு வருகிறேன்.

சந்தனமாரி நடக்கத் தொடங்கியதே ஓட்டமாகத்தான் என்று நீங்கள்தான் முதலில் சொன்னீர்கள். "அப்பன மாதிரியே இருக்காடா. கட்டை தொழுவுல பத்திரமா இருக்கு" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கே உங்கள் முகத்துக்கு நேராக, "அந்தப் பேச்சே வேணாம் அய்யா" என்று சொல்லியிருக்க வேண்டும். முப்பத்து மூன்று வயது ஆம்பிளைக்கு அந்த ஒரு வாக்கியம் வாயில் வரவில்லை.

நீங்கள் போன மறு வருசம் அவள் மூன்றாம் வகுப்பு. பாளையம்பட்டியிலிருந்து புதிதாக ஒரு டீச்சர் வந்தார்கள். எம்.ரெட்டியபட்டியில் பஸ் இறங்கி, தினமும் ஒன்றரை மைல் நடந்து நம் ஊருக்கு வருகிறவர்கள். வந்த மூன்றாவது வாரம் மாரி கையில் ஒரு காகிதம் கொடுத்தனுப்பினார்கள். அந்த நேரம் நான் வாசலில், ஒரு கால் தரையில், ஒரு கால் பெடலில். பிரித்தேன். முதல் வரி, "தங்கள் மகள் வகுப்பில் ஒரு நிமிடம்கூட ஓரிடத்தில் உட்காருவதில்லை."

அவ்வளவுதான். அதற்கு முந்தின நாள்தான் மாரி ஆட்டுப் பட்டியைத் திறந்துபோட்டு, பக்கத்துப் புஞ்சையில் ஆடு இறங்கி, நான் போய்க் கும்பிட்டுவிட்டு வந்திருந்தேன். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டேன்.

என் பெண்டாட்டி சொர்ணத்துக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் எட்டிப் பார்த்திருக்கிறாள். "கீழ இன்னும் நெறைய எழுதியிருக்காப்ல இருக்கே?"

"எல்லாம் இதே கதையாத்தான் இருக்கும்" என்றேன்.

மறுநாள் காலையில் நானே கட்டினேன், அய்யா.

திரும்ப எழுதுகிறேன், எனக்கே உறைக்கட்டும் என்று. தொழுவுக்குப் போய், நீங்கள் அடித்த ஆணியிலிருந்து கட்டையை எடுத்து, என் மகள் காலில் சங்கிலியைச் சுற்றி, பூட்டுப் போட்டு, சாவியை என் அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டேன். என் காலில் தழும்பு இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டேதான் குனிந்து கட்டினேன். சொர்ணம் கத்தினாள், திட்டினாள், என் கையைப் பிடித்து இழுத்தாள். "நான் அடங்கலையா?" என்றேன். கேட்டீர்களா? சித்தப்பா கேட்பதற்கு முன்னாலேயே அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கிறேன்.

மாரி அழவில்லை. "அப்பா, மணியடிக்கப் போகணும்ப்பா. அவுத்து விடுங்கப்பா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"மணியும் வேண்டாம், கிணியும் வேண்டாம். உக்காரு" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். சொர்ணம் பருத்தி எடுக்கக் காட்டுக்குப் போயாக வேண்டிய நாள். அழுதுகொண்டே போனாளாம்.

மத்தியானம் எம்.ரெட்டியபட்டியில் ஒரு வீட்டில் பருத்தி மாதிரி எடுத்தேன். வியாபாரியிடம் காட்டுவதற்கு ஒரு பிடிப் பருத்தியைக் காகிதத்தில் மடித்துக்கொள்வது வழக்கம். பையைத் துழாவினேன், டீச்சர் காகிதம்தான் வந்தது. பருத்தியை அதன்மேல் வைத்துவிட்டேன். பஞ்சுக்கு இடையில் என் மகள் பேர் தெரிந்தது. விலக்கிவிட்டுப் படித்தேன்.

"ஆனால் ஒரு வேலையைக் கொடுத்தால் ஓடிப்போய் முடித்துவிட்டு வருகிறாள். வந்த பிறகு கொஞ்ச நேரம் நன்றாகப் படிக்கிறாள். அதனால் என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, பத்து நிமிடம் பாடம், பிறகு ஒரு வேலை என்று பழக்குகிறேன். நடந்துகொண்டே சொல்லச் சொன்னால் ஏழாம் வாய்ப்பாடு பிழையில்லாமல் வருகிறது. நாளை முதல் பள்ளிக்கூட மணி அடிக்கும் பொறுப்பை அவளுக்குக் கொடுத்திருக்கிறேன். நேரத்துக்கு அனுப்பி வையுங்கள். வீட்டிலும் ஒரு சமயத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். அடிக்க வேண்டாம்."

உங்கள் மகனால் ஒரு கடிதத்தை முதல் வரிக்கு மேல் படிக்க முடியவில்லை, அய்யா. உட்காராத குற்றத்துக்காகப் பிள்ளையைக் கட்டிப் போட்டவன், நின்று நாலு வரி படிக்காதவன். சிரிப்பு வருகிறதா? எனக்கும் வந்தது. சைக்கிளை மிதித்துக்கொண்டே சிரித்தேன், அதற்குள்ளேயே அழுதேன்.

ஊருக்குள் நுழைந்ததும் புழுதியில் ஒரு கோடு கண்டேன். நம் வாசலில் புறப்பட்டு, தெருவைத் தாண்டி, கோயிலைச் சுற்றி, பள்ளிக்கூடம் வரைக்கும். கட்டை இழுத்த கோடு. நடுநடுவே நின்று உட்கார்ந்த தடமும் இருந்தது. பள்ளிக்கூடத்தைவிட்டு ஓடுகிறாள் என்று கட்டினேன், அவள் கட்டையோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடியிருக்கிறாள்.

டீச்சர் வாசலிலேயே நின்றார்கள். உள்ளே மாரி, காலில் கட்டையோடு, கணுக்காலைச் சுற்றி டீச்சரின் கைக்குட்டை. சாவி என்னிடம் இருந்ததால் மத்தியானம் வரைக்கும் அப்படியே இருந்திருக்கிறாள்.

"இது யார் கட்டுனது?"

"நான்தான் டீச்சர்."

"கடுதாசியப் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"எதுவரைக்கும்?"

நான் அரைஞாண் கயிற்றில் முடிந்திருந்த சாவியை அவிழ்க்கத் தொடங்கினேன். "ஒங்களையும் என் மேசைக்குப் பக்கத்துலதான் உக்கார வைக்கணும்" என்றார்கள். பிறகு சொன்னார்கள், "காலைல பத்து மணி வரைக்கும் வரல. வேற பிள்ளைய அடிக்கச் சொல்லலாம்தான். சொன்ன சொல்லு ஒண்ணு இருக்குல்ல? காத்துக்கிட்டு இருந்தேன். அவ வந்து அடிச்ச பெறகுதான் பள்ளிக்கூடம்."

நான் பூட்டைத் திறக்கத் தெரியாமல் தடுமாறினேன். மாரிதான் என் கையிலிருந்து சாவியை வாங்கித் தானே திறந்தாள்.

"இவ என்னய ஏமாத்துறாளா டீச்சர்?" என்று கேட்டேன். அப்போதும் அந்தக் கேள்விதான் வந்தது பாருங்கள்.

டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. "கண்ணு தெரியாத பிள்ளைய, பாரு பாருன்னு அடிப்பீங்களா? இவளால முடியல. முடியற மாதிரி நாமதான் மாத்தி வைக்கணும்."

"இதுக்கு ஏதும் பேரு இருக்கா?"

"மதுரைப் பக்கம் டாக்டருகளக் கேட்டா ஒரு பேரு சொல்லுவாங்களா இருக்கும். பேரு தெரியற வரைக்கும் சும்மா இருக்க முடியுமா? நாளைக்கும் மணியடிக்கணும்ல?"

ஒரு வருசமாகிறது. மாரி திருந்திவிட்டாள் என்று எழுத மாட்டேன். அந்தச் சொல்லே எனக்கு ஆகவில்லை. இப்போதும் பட்டியைத் திறந்துபோடுகிறாள், சிலேட்டைத் தொலைக்கிறாள், பேச்சு முடியுமுன் பதில் சொல்கிறாள். ஆனால் கடைக்கு அனுப்பும்போது ஒரே ஒரு சாமான்தான் சொல்வோம். சொர்ணம் அவள் பாவாடை முனையில் ஒரு முடிச்சுப் போட்டு, "இதுதான் உப்பு" என்று அனுப்புவாள். முடிச்சைப் பிடித்துக்கொண்டே ஓடி, உப்போடு வருகிறாள். ஒரு முடிச்சு அய்யா! எனக்கு ஒரு முடிச்சுப் போட்டிருந்தால் போதாதா?

இன்னொன்று. நம் புஞ்சையிலிருந்த கைப்பிடிச்சுவர் இல்லாத மொட்டைக் கிணற்றைச் சுற்றி முள்வேலி அடைத்தேன். எத்தனை நாள் வேலை தெரியுமா? ஒரு நாள். நானும் ஒரு ஆளும். பிள்ளை கிணற்றில் விழுந்துவிடும் என்று பயந்து பயந்து, கிணற்றை அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளைக்குச் சங்கிலி போட்ட குடும்பம் நாம். ஒரு நாள் வேலைக்குச் சோம்பிப்போயா?

இதையெல்லாம் போன வெள்ளிக்கிழமை சித்தப்பாவிடம் சொன்னேன். கட்டை தர மாட்டேன் என்றேன். அவருக்கு மூக்கு விடைத்துவிட்டது.

"ஒங்கய்யன விட நீ பெரிய மனுசனாயிட்டியாடா? ஒங்கய்யன் கால்லயும் எங்கய்யா இதே கட்டையத்தான் போட்டாரு. அவுக கெட்டா போயிட்டாக? ஊரே எந்திரிச்சு நிக்குமே!"

உங்களைக் கடைசியாகக் குளிப்பாட்டியபோது இடது கணுக்காலைச் சுற்றி அந்த வளையத் தழும்பைத் தேய்த்தவன் நான். மாடு பூட்டிக் கிணற்றில் கமலை இறைத்த காலத்தில் வடக்கயிறு அறுத்தது என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னீர்கள். என் தழும்பு மாதிரியே இருக்கிறதே என்று அன்றைக்கு ஒரு எண்ணம் ஓடியது. தண்ணீரை ஊற்றி அதையும் கழுவிவிட்டேன்.

ஆக, உங்களுக்குத் தெரியும். எந்த இடத்தில் தோல் உரியும், எத்தனையாவது நாள் சீழ் வைக்கும், பயல்கள் என்ன சொல்லிக் கத்துவார்கள், எல்லாம் தெரிந்துதான் என் காலில் மாட்டினீர்கள். எப்படி அய்யா மனசு வந்தது? உங்கள் அய்யாமேல் வராத கோபத்தையா என் காலில் பூட்டினீர்கள்? நான் யார் மேல் உள்ளதை மாரி காலில் பூட்டினேன்?

நீங்கள் என்றைக்காவது ஒரு தட்டுச் சோற்றை உட்கார்ந்து முடித்ததுண்டா? பாதியில் எழுந்து தொழுவுக்குப் போவீர்கள், அங்கிருந்து புஞ்சைக்கு. அம்மா தட்டை மூடி வைத்துவிட்டுக் காத்திருப்பாள். உங்களை "சுறுசுறுப்பு" என்றார்கள், எங்களை "அடங்காப்பிடாரி" என்றார்கள். மூன்று பேருக்கும் ஒரே கால்தானே அய்யா?

சித்தப்பா துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். அன்று சாயங்காலமே கட்டையைப் பிளக்க உட்கார்ந்தேன். கருவேல வைரம், கோடாரி மூன்று தடவை எகிறியது. மூன்றாவது தடவை என் பெருவிரல் தப்பியது புண்ணியம். "குடுங்க இங்க" என்று சொர்ணம் வாங்கினாள். இரண்டே போடு. ஒரு வருசக் கோபம் அவளுக்கும் இருந்திருக்கிறது. வெந்நீர்ப் பானைக்கு அடியில் வைத்தோம். அந்த வெந்நீரில் மாரி எண்ணெய் தேய்த்துக் குளித்தாள், வழக்கம்போலப் பாதிச் சீயக்காயோடு எழுந்து ஓடினாள்.

சித்தப்பா இன்னும் என்னோடு பேசவில்லை. கட்டை இல்லையென்றால் கயிறு இருக்கிறது ஊரில், அதுதான் என் பயம். காலையில் அவர் வீட்டு வழியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். மாடசாமி காலில் எதுவும் இல்லை, என்னைப் பார்த்ததும் சைக்கிள் பின்னாலேயே தெருமுனை வரைக்கும் ஓடி வந்தான். நாளைக்கு அவர்கள் கிணற்றுக்கு முள் வெட்டப் போகிறேன். சித்தப்பா கூப்பிடப் போவதில்லை. கூப்பிடாத வேலைக்குப் போவது நமக்குப் புதுசா?

நோட்டீஸுக்கு நாலாவது வரியை நானே எழுதிவிட்டேன். "கடைசி வரை உட்காராமல் உழைத்தவரே." கண்டித்து வளர்த்தவர் என்று என் கையால் எழுத மாட்டேன். இது பொய் இல்லாத வரி, இதோடு திருப்திப்படுங்கள்.

கோபம் தீரவில்லை, அய்யா. தீர்ந்ததும் எழுதுகிறேன், அதுவரை காத்திருங்கள். ஒரு வாக்கு மட்டும் இப்போதே தருகிறேன். இனி என் பிள்ளையைப் பற்றி யார் என்ன எழுதியனுப்பினாலும், சைக்கிளை நிறுத்திவிட்டு, கடைசி வரி வரைக்கும் படிப்பேன்.

இப்படிக்கு,
இடது கணுக்காலில் உங்கள் தழும்போடு நடமாடும்
உங்கள் மூத்த மகன்,
மணியடிக்கிற மாரியின் அப்பன்.